காவல் கொட்டிலில் இலியட் கேட்க ஒரு சோலார் பெட்டி

சோலார் ஸ்பீக்கர், எஃப்எம் றேடியோ, ரோச் லைற் மூன்றும் சேர்ந்த அந்தக் கறுப்புப் பெட்டியை வன்னியில் வயல் வைத்திருக்கிற பலரின் கொட்டிலில் பார்த்திருப்பீர்கள். பெட்டியில் ஒரு பெயர் அச்சடித்திருக்கும், அடுத்த கடையில் அதே பெட்டிக்கு வேறு பெயர் இருக்கும், அதனால் பெயரைத் தேடி அலைய வேண்டாம். மேலே உள்ளங்கையளவு சோலார் தகடு, முன்னால் ஒற்றை ஸ்பீக்கர், பக்கத்தில் யூஎஸ்பியும் மெமரி கார்ட்டும் போடுகிற ஓட்டைகள், பின்னால் இழுத்து நீட்டுகிற அன்ரனா. புதுக்குடியிருப்பில் 4,500 ரூபாய் சொன்னார்கள், 4,000க்கு முடிந்தது. விலைக்குப் பழுதில்லை. ஆனால் நான் இதை வாங்கிய காரணம் வேறு என்பதால் இந்த விமர்சனமும் கொஞ்சம் வேறு மாதிரித்தான் போகும். பன்றிக் காவலுக்குப் போகிற இரவுகளில் ட்ரோய்ப் போரைப் பாடுகிற 24 பாகக் கிரேக்கக் காவியமான ஹோமரின் இலியட்டை முழுதாகக் கேட்டு முடிக்க இது தோதுப்படுமா என்பதுதான் என் கேள்வி. தோதுப்படும், ஒரு விசயத்தைத் தவிர.

முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. காலபோக நெல் பால் பிடிக்கத் தொடங்கினால் அறுவடை மட்டும் இரவில் ஆள் நிற்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பன்றி ஒரே இரவில் வரம்போடு சேர்த்து உழக்கிவிட்டுப் போய்விடும். கொட்டிலில் கரண்ட் இல்லை. போனில் கேட்கலாம் என்றால் அதிலுள்ள சார்ஜ் விடியும்வரை அவசரத்துக்கு வேண்டும், யானை இறங்கினால் நாலு பேருக்கு அடிக்க. ஆகவே தனியாக ஒரு பெட்டி.

பற்றரியைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். ஆறு மணி நேரம் ஓடும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. வெயிலை மட்டும் நம்பினால் அதில் பாதிதான், மார்கழி மூட்டத்தில் அதுவும் இல்லை. வீட்டில் வயரில் சார்ஜ் போட்டுக் கொண்டுபோனால் நடுச்சாமம் தாண்டும். சோலார் தகடு இருக்கிறதே என்று வாங்குபவர்களுக்கு ஏமாற்றம்தான், ஆனால் மேலதிகமாக ஒரு மணி நேரம் தருகிறது என்று நினைத்து வாங்கினால் மனம் ஆறும். ரோச் லைற் நல்ல வெளிச்சம்.

சத்தம்? பாட்டுக் கேட்க வாங்கினால் காசைத் திரும்பக் கேட்பீர்கள். அடித்தொனி என்று ஒன்று இதில் இல்லை, மத்தளம் தகரத்தில் தட்டினது போலக் கேட்கிறது. ஆனால் மனிதக் குரல் துல்லியமாக வருகிறது, வெறும் வயலில் இரண்டு வரம்பு தள்ளியும் சொல் சொல்லாக விளங்குகிறது. பன்றிக்கும் ஆள் கதைக்கிற சத்தம்தான் பயம். பெட்டி ஓடிக்கொண்டிருக்கிற பக்கம் அது வருவது குறைவு. யானைக்கு இலியட்டின் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னோன் கத்தினாலும் ஒன்றுதான், அதற்கு யானை வெடிதான்.

இனி உள்ளே போட்ட சரக்கு. லிப்ரிவொக்ஸ் என்ற தளம் 2005இலிருந்து இருக்கிறது, பதிப்புரிமை முடிந்த நூல்களைத் தொண்டர்கள் வாசித்து இலவசமாகப் போடுகிறார்கள். அங்கிருந்து சாமுவேல் பட்லர் 1898இல் ஆங்கில உரைநடையில் தந்த இலியட்டை இறக்கினேன். நல்ல வேகமான இங்கிலிஸ், ஓ லெவல் படித்தவருக்கே விளங்கும். கிரேக்கத் தெய்வங்களையெல்லாம் ரோமன் பெயரில் கூப்பிடுவார், சியுஸ் இவரிடம் ஜோவ், அதீனா மினர்வா. கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். இந்த ஆள்தான் ஹோமரின் மற்றக் காவியமான ஒடிசியை எழுதியது சிசிலியில் இருந்த ஓர் இளம்பெண் என்று 1897இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியவர். எழுதியது ஆணா பெண்ணா என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். எழுதித்தான் பிறந்ததா என்ற கேள்வி அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

அதனால்தானோ என்னவோ, பட்லர் ஒரு வேலை செய்து வைத்திருக்கிறார். கிரேக்க மூலத்தில், கதையின் பெரிய வீரன் அக்கிலீஸ் பதில் சொல்கிற இடங்களில் 'விரைந்த கால்களையுடைய அக்கிலீஸ்' என்று அடைமொழியோடு முழுதாக வரும். பட்லர் பல இடத்தில் அதைக் கத்தரித்து 'அக்கிலீஸ் சொன்னான்' என்று விட்டுவிடுகிறார். கண்ணால் படிக்கிறவனுக்கு இது உபகாரம். காதால் கேட்கிறவனுக்கு நட்டம். இதைச் சோதித்துப் பார்க்க லாங், லீஃப், மையர்ஸ் என்ற மூவர் 1883இல் செய்த பழைய உரைநடையை எடுத்தேன், அடைமொழி எதையும் விடாதவர்கள், நூல் குட்டன்பேர்க் தளத்தில் இலவசம். அதன் முதற்பாகத்தைப் போனில் உள்ள வாசிக்கும் கருவியால் ஒலியாக்கிப் பெட்டியில் போட்டேன். இயந்திரக் குரல், பழைய இங்கிலிஸ், இரண்டும் சேர்ந்து கர்ணகடூரமாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். இருந்தது. ஆனாலும் அதே சொற்றொடர் அதே தொனியில் திரும்பத் திரும்ப வந்து விழும்போது, இருட்டில் யார் கதைக்கிறார்கள் என்று தேட வேண்டியிருக்கவில்லை. பெயருக்கு முன்னால் வருகிற அடையிலேயே ஆள் தெரிந்துவிடுகிறது.

பக்கத்து வயல் ஐயா இரவில் எங்கள் கொட்டிலுக்குத்தான் வந்து படுப்பார். அந்த நாளில் காத்தவராயன் கூத்துக்குப் பிற்பாட்டுப் பாடியவர், இங்கிலிஸ் தெரியாது. கோயிலில் கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டைப் படிக்க மற்றவர் பயன் சொல்வாரே, அதே மாதிரிப் பெட்டியை நிறுத்தி நிறுத்தி நான் பயன் சொன்னேன். முதற்பாகத்தில், அக்கிலீசுக்குப் பரிசாக வந்த பெண்ணை அகமெம்னோன் பறித்துக்கொண்ட பிறகு, அக்கிலீஸ் கடற்கரையில் தனியே இருந்து அழுகிறான், தாய் தேத்திஸ் கடலுக்குள்ளிருந்து எழும்பி வந்து என்ன மகனே என்று கேட்கிறாள், அவன் பெருமூச்செறிந்து பதில் சொல்கிறான். அந்த இடத்திலும் அடைமொழி விரைந்த கால்தான். ஐயா விடவில்லை.

"இருந்து அழுகிறவனுக்கு என்னத்துக்குத் தம்பி கால் விரைவு?"

இந்தக் கேள்விக்குத்தான் மில்மன் பரி என்ற அமெரிக்கர் 1928இல் பாரிசில் ஓர் ஆய்வேடு முழுக்கப் பதில் சொன்னார். ஹோமரின் அடி ஆறு சீர், நெடில் குறில் அளவில் ஓடுவது. தமிழ் யாப்புக் கொஞ்சம் தெரிந்தவருக்கு இது சட்டென்று பிடிபடும், இங்கிலிஸ்காரருக்குத்தான் சிரமம். 'அவனுக்குப் பதிலாகச் சொன்னான்' என்று பாடகர் அடியைத் தொடங்கிவிட்டால் மிச்சம் இவ்வளவு இடம் இருக்கிறது, அதில் அக்கிலீசை வைக்க வேண்டும் என்றால் விரைந்த கால் சரியாக நிறைக்கும். இடம் குறைவாக இருந்தால் வெறும் 'தெய்விக அக்கிலீஸ்'. ஒவ்வொரு வீரனுக்கும் ஒவ்வோர் அளவு இடத்துக்கும் தயாராக ஒரு தொடர் இருக்கிறது, அதே அளவுக்கு இரண்டாவது தொடர் அநேகமாக இருப்பதில்லை. இவ்வளவு கச்சிதமான ஒழுங்கைத் தனி ஒரு புலவர் மேசையில் இருந்து செய்ய முடியாது, பல தலைமுறைப் பாடகர்கள் வாயால் பாடிப் பாடித் தேய்த்து எடுத்தது என்பதுதான் பரி சொன்னது. ஆகவே அழுகிறவனுக்கும் கால் விரைவுதான்.

ஐயா கேட்டுவிட்டு, "அப்ப பிற்பாட்டு மாதிரித்தான். நாங்கள் இழுக்கிற நேரத்திலைதான் ஆட்டக்காரன் மூச்சு எடுக்கிறது, அடுத்த அடியையும் நினைக்கிறது" என்றார்.

பாதிதான் சரி. கூத்தில், ஆட்டம் பழக்குகிற அண்ணாவியாரிடம் கொப்பி இருக்கிறது, ஆட்டக்காரர் பாட்டைப் பாடமாக்கிக்கொண்டுதான் களரிக்கு வருவார், மாறினால் அண்ணாவியார் முறைப்பார். கண்ணகை அம்மன் கோயிலில் சிலம்பு கூறல் படிப்பவருக்கும் ஏடு இருக்கிறது. பரி சொல்கிற பாடகருக்கு ஏடும் இல்லை, பாடமும் இல்லை. கதை தெரியும், தொடர்கள் தெரியும், பாட்டை அந்த நேரத்தில் அந்தச் சனத்துக்கு முன்னால் கட்டுகிறார். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் வாய்மொழி மரபு என்ற ஒரே சாக்கில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டுகிற கட்டுரைகள் தமிழில் நிறைய இருக்கின்றன.

சரி, இனிப் பெட்டியின் பெரிய குறை. இது கோப்பின் பெயரையோ எண்ணையோ பார்க்காது. மெமரி கார்ட்டில் எது முதலில் ஏறியதோ அதை முதலில் பாடும். போனில் 24 பாகத்தையும் ஒரேயடியாக இறக்கினால் எது முந்தி இறங்கியதோ அதுதான் முந்தி. ஆக எனக்குக் கிடைத்த இலியட்டில் 1க்குப் பிறகு 10 வந்தது. சண்டை பிடித்துக்கொண்டு அக்கிலீஸ் ஒதுங்கிப் போன கையோடு, இரவோடு இரவாகக் கிரேக்க வீரர் ஒடிசியசும் டயோமிடிசும் வேவு பார்க்கப் போய், ஓநாய்த் தோல் போர்த்திக்கொண்டு வந்த டோலோன் என்ற எதிரி ஒற்றனைப் பிடித்து விசாரித்து, தலையை வெட்டி, புதிதாக வந்திறங்கிய அரசன் ஒருவனின் வெள்ளைக் குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். காவல் கொட்டிலில் இருந்து கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான பாகம் இல்லை, ஐயா இரண்டு தரம் எழும்பி ரோச் அடித்துப் பார்த்தார். வேடிக்கை என்னவென்றால் 1இலிருந்து 10க்குத் தாவினால் பெரிதாக ஒன்றும் முறியவில்லை. பத்தாம் பாகம் முதலில் தனிப்பாட்டாக இருந்தது, ஏதென்சை ஆண்ட பிசிஸ்ட்ராட்டஸ் காலத்தில்தான் இலியட்டுக்குள் வைத்தார்கள் என்று பழைய உரைக்குறிப்பே சொல்கிறது. பிற்பாடு நடக்கிற எதுவும் இந்த இரவு வேட்டையை நினைத்துப் பார்ப்பதும் இல்லை.

ஆனால் எல்லாப் பாகமும் பத்தாம் பாகம் இல்லையே. எனக்குக் கிடைத்த வரிசையில் 24 முடிந்து 6 வந்தது. ட்ரோய் இளவரசன் ஹெக்டரின் பிணத்துக்கு ஒப்பாரி வைத்து எரித்து மேடு எழுப்பிய பிறகு, அதே ஹெக்டர் உயிரோடு கோட்டை வாசலுக்கு வருகிறான். மனைவி அந்திரோமக்கி பிள்ளையோடு ஓடிவந்து, போகாதே என்கிறாள். அவன் கைநீட்ட, தலைக்கவசத்தின் உச்சியில் ஆடுகிற குதிரைமயிரைப் பார்த்துப் பிள்ளை வீரிட்டுத் தாதியின் நெஞ்சுக்குள் முகத்தைப் புதைக்கிறது. தாயும் தகப்பனும் சிரிக்கிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறான். இதை எந்த வரிசையில் கேட்டாலும் தாங்காது, 24க்குப் பிறகு கேட்டால் பெட்டியை நிறுத்தத்தான் தோன்றும். நிறுத்தினேன். அந்த 24ஆம் பாகம் என்னவென்று வன்னியில் யாருக்கும் பயன் சொல்லத் தேவையில்லை. பிரியாம் என்ற கிழ அரசன் தன் மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலீசின் கையை முத்தமிட்டு, பிணத்தையாவது தா என்று கேட்கிறான், அவன் கொடுத்தும் விடுகிறான், ஒன்பது நாள் அழ, பத்தாம் நாள் எரிக்க, பதினோராம் நாள் மேடு எழுப்ப என்று போரையும் நிறுத்தித் தருகிறான். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடங்கிய போராட்டத்துக்கு அந்த அளவுகூடக் கிடைக்கவில்லை.

இந்த வரிசைக் குழப்பம் பழைய ஏதென்சிலும் பிரச்சினையாக இருந்திருக்கிறது. பிளேட்டோவின் பெயரில் உள்ள ஓர் உரையாடலில், பிசிஸ்ட்ராட்டசின் மகன் ஹிப்பார்க்கஸ், பனதீனியா திருவிழாவில் ஹோமரைச் சொல்கிறவர்கள் ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் பிடித்து வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார் என்று வருகிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டு. ஒழுங்குமுறை போட வேண்டி வந்தது என்றால், அதற்கு முன் அவரவர் சனத்துக்குப் பிடித்த துண்டை எடுத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று ஊகிக்கலாம், நம்மூரில் முழு இரவுக் கூத்தைச் சுருக்கி முக்கியமான கட்டங்களை மட்டும் ஆடுகிறார்களே, அப்படி. லிப்ரிவொக்ஸில் தனி ஒருவர் முழுதும் வாசித்த பதிவுகளும் உண்டு, பலர் பகிர்ந்து வாசித்தவையும் உண்டு. பலர் வாசித்ததையே எடுங்கள் என்பேன். ஒரு குரல் ஓய மற்றக் குரல் பிடிப்பதைக் கேட்கும்போது அந்தத் திருவிழா எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு விளங்கும், இரவு காவலில் நித்திரையும் கலையும்.

கார்ட்டை அழித்து ஒவ்வொரு பாகமாக வரிசையில் ஏற்றினால் பெட்டி ஒழுங்காகப் பாடுகிறது. அப்படிக் கேட்டபோதுதான் இன்னொன்று பிடிபட்டது, இதைப் படித்தால் அநேகமாகத் தாண்டிப் போய்விடுவீர்கள். வீரன் ஆயுதம் தரிக்கிற கட்டம் நாலு தரம் பெரிதாக வருகிறது. மூன்றாம் பாகத்தில் ட்ரோய் வீரன் பாரிஸ், பதினோராவதில் அகமெம்னோன், பதினாறில் அக்கிலீசின் தோழன் பத்ரோக்ளஸ், பத்தொன்பதில் அக்கிலீஸ். ஒழுங்கு மாறவே மாறாது. முதலில் கணைக்கால் கவசம், பிறகு மார்புக் கவசம், தோளில் வாள், கேடயம், தலைக்கவசம், கடைசியாக ஈட்டி. கூத்தில் ஒவ்வோர் அரசனுக்கும் வரவுப் பாட்டு இருப்பது மாதிரி, கேட்கிறவன் அடுத்தது என்ன என்று தெரிந்துகொண்டே கேட்கிறான். பத்ரோக்ளஸ் அக்கிலீசின் கவசத்தைப் போடுகிறான், கால், மார்பு, வாள், கேடயம், தலை, எல்லாம் முறைப்படி வருகிறது, ஈட்டிக்கு வந்ததும் பாட்டு தடக்குகிறது. அக்கிலீசின் பெரிய ஈட்டியை மட்டும் அவன் எடுக்கவில்லை, அதை அக்கிலீசைத் தவிர வேறு ஒருவராலும் வீச முடியாது. நான் பயன் சொல்லி முடிக்குமுன் ஐயா, "ஈட்டியை விட்டிட்டுப் போறான். உவன் திரும்பி வரான்" என்றார். வரவில்லை. கேட்டுப் பழகிய காதுக்கு ஒழுங்கு பிசகுவதே சேதி. மேசையில் வைத்துப் படிக்கிறவனுக்கு அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டியிருக்கிற இடம் இது.

இரண்டாம் பாகத்துக் கப்பல் பட்டியல்தான் என்னாலும் முடியவில்லை. 29 படைப்பிரிவு, கூட்டினால் 1,186 கப்பல், யார் எந்த ஊரிலிருந்து எத்தனையோடு வந்தான் என்று ஒவ்வொன்றாக. பட்டியலுக்கு முன் பாடகரே கலைத்தெய்வங்களைக் கூப்பிட்டு, பத்து நாக்கும் பத்து வாயும் இருந்தாலும் என்னால் ஏலாது என்று கும்பிடுகிறார். பாடகர் அந்தந்த ஊரில் பாடும்போது அந்தந்த ஊர்ப்பெயர் வர, சனம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு அதில் ஊர் இல்லை. பொத்தானை அமத்தித் தாண்டலாம்.

பெட்டியிலேயே வேறு ஒரு சோதனையும் செய்தேன். பரி பிறகு யூகோஸ்லாவியாவுக்குப் போனார், எழுத வாசிக்கத் தெரியாத காவியப் பாடகர்கள் அங்கே உயிரோடு இருந்தார்கள். 1933இலிருந்து 1935வரை, இரண்டாம் பயணத்தில் உதவிக்கு அல்பேட் லோட் என்ற மாணவரோடு. பாட்டைப் பதிய அலுமினியத் தட்டுகள், ஒரு தட்டில் சில நிமிடமே பிடிக்கும், அதனால் இரண்டு சுழல்மேசை வைத்து ஒன்று முடியும்போது மற்றதுக்கு மாற்றுகிற ஒரு கருவியை விசேடமாகச் செய்வித்தார். 3,500க்கு மேற்பட்ட தட்டுகள் ஹார்வர்டில் இருக்கின்றன, ஒரு பகுதி இணையத்தில் கேட்கக் கிடைக்கிறது. அதில் ஒன்றைப் புளூடூத்தில் போட்டேன். குஸ்லே என்கிற ஒற்றைத் தந்தி வாத்தியத்தை வில்லால் இழுத்துக்கொண்டு ஒரு கிழவர் பாடுகிறார். இந்தப் பெட்டியின் தகரச் சத்தத்துக்கு அது அப்படிப் பொருந்தியது, ஒரு சொல் விளங்காமலே இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பரி கண்ட பாடகர்களில் பெரிய ஆள் அவ்தோ மெஜெதோவிச். 1935இல் அவர் சொல்லச் சொல்ல எழுதிய ஒரு பாட்டு 12,311 அடி, கிட்டத்தட்ட ஒடிசி அளவு. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு சம்பவம். அவ்தோ அதுவரை கேட்டிராத ஒரு பாட்டை வேறொரு பாடகரைக் கொண்டு அவர் முன்னால் பாடுவித்து, 2,294 அடி வந்தது, முடிந்ததும், இப்போது நீ பாடு என்றார் பரி. அவ்தோ பாடினார். 6,313 அடி. கதை அதேதான், குதிரையின் சேணம், வீரனின் உடை, மனதின் தவிப்பு எல்லாம் அவருடையவை. ஒரு தரம் கேட்டதை ஒப்பிப்பவர் இதைச் செய்ய மாட்டார். கட்டத் தெரிந்தவர்தான் செய்வார். அந்த வருச முடிவிலேயே பரி 33 வயதில் துப்பாக்கிச் சூட்டில் இறந்துபோனார், மிச்சத்தை எழுதி உலகத்துக்குச் சொன்னது லோட்.

அந்தப் பாடகர்கள் ரமழான் மாத இரவுகளில் கோப்பிக் கடைகளில் இரவிரவாகப் பாடினவர்கள், விட்ட இடத்தை அடுத்த இரவு பிடிப்பார்கள். பெட்டியின் பற்றரி நடுச்சாமத்தில் சாகும்போது நான் கோபப்படாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். 15,000 அடிக்கு மேற்பட்ட ஒன்றை ஒரே இருப்பில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என்ன, அவ்தோவுக்கு விட்ட இடம் ஞாபகம் இருக்கும், பெட்டிக்கு இருக்காது. சுவிட்சால் நிறுத்தினால் எந்தப் பாகம் என்பதை வைத்திருக்கும், பாகத்துக்குள் எந்த இடம் என்பது போய்விடும். பற்றரி இறங்கி நின்றால் எல்லாம் போய், திரும்ப அக்கிலீசின் கோபத்திலிருந்துதான்.

இதில் நம் ஆள் ஒருவரைச் சொல்லாமல் விட்டால் பிழை. பேராசிரியர் கைலாசபதி பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சன் என்ற கிரேக்க அறிஞரிடம் ஆய்வு செய்து, பரியும் லோடும் ஹோமருக்குச் சொன்னதைச் சங்கப் பாட்டுக்குப் பொருத்திப் பார்த்தவர். அந்த ஆங்கில நூல் 1968இல் ஒக்ஸ்போர்டில் வந்தது. பாணரும் பொருநரும் வாயால் பாடிய வீரயுகம், திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் அதன் தடயம் என்பது அவர் வாதம். 1975இல் ஜோர்ஜ் ஹார்ட் என்ற அமெரிக்கத் தமிழறிஞர் மறுத்தார், பாணர் பாட்டின் பாணியை எழுத்தறிந்த புலவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்றார். கைலாசபதி எங்கள் மண்ணில் வேலை செய்த மனிதர், மரியாதை உண்டு, ஆனாலும் இந்த இடத்தில் எனக்கு ஹார்ட் சொல்வதுதான் கூடப் பொருந்துகிறது. ஒன்பது பத்து அடிப் புறப்பாட்டை யாரும் மனதிலேயே முழுதாகச் செதுக்கி வைத்திருக்கலாம். தயாரான தொடர்கள் என்ற பொறி இல்லாமல் ஓடாதது ஆயிரக்கணக்கான அடி போகிற பாட்டுத்தான்.

பெட்டி செய்யவே முடியாத காரியம் ஒன்று இருக்கிறது. ஒடிசியின் எட்டாம் பாகத்தில் டெமொடொக்கஸ் என்ற குருட்டுப் பாடகர் விருந்தில் பாடுகிறார். ஒடிசியஸ் தன் தட்டிலிருந்த பன்றியின் முதுகுக் கொழுப்பில் நல்ல ஒரு துண்டு அறுத்து, இதைக் கொண்டுபோய்ப் பாடகரிடம் கொடு என்று அனுப்பிவிட்டு, இப்போது ட்ரோயை வீழ்த்திய மரக்குதிரையைப் பாடு என்று கேட்கிறான். அவர் உடனே அந்த இடத்திலிருந்து எடுத்துப் பாடுகிறார். கேட்கிறவனின் முகத்தைப் பார்த்து நீட்டவும் சுருக்கவும் கதையை மாற்றவும் ஆள் வேண்டும். இதை ஐயாவுக்குச் சொன்னபோது அவருக்குப் பாட்டைவிடப் பன்றி முதுகில்தான் நாட்டம் இருந்தது. குறை சொல்ல முடியாது, அந்தப் பன்றிக்காகத்தானே இருவரும் நித்திரை முழிக்கிறோம்.

வாங்கப் போகிறவர்களுக்கு. கடையில் வைத்தே உங்கள் மெமரி கார்ட்டைப் போட்டு ஓட்டிப் பாருங்கள், சில பெட்டியில் கார்ட் ஓட்டை தளர்வு. போட்டதும் ஒரு பெண் குரல் 'புளூடூத் மோட்' என்று ஊரே எழும்பக் கத்தும், சத்தத்தைக் குறைத்தாலும் அது மட்டும் குறையாது, கையால் ஸ்பீக்கரைப் பொத்திக்கொண்டுதான் சுவிட்சைப் போட வேண்டும். அன்ரனா முதல் மழையிலேயே துருப்பிடிக்கும், றேடியோ தேவையில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இலியட் முழுதும் 15 மணி நேரத்துக்குக் குறையாது. அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் 1, 6, 9, 16, 22, 24 ஆகிய பாகங்களை மட்டும் இந்த ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாகக் கார்ட்டில் ஏற்றுங்கள், காவலுக்கு ஆள் துணை இருந்தால் 10ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். தனியே படுப்பவர்கள் அதைப் பகலில் கேளுங்கள்.